லாரி வீட்டுக்கு எந்த ஷாக்கப்சர்?

நீளமான பதிவு. பட்டறை, கிரீஸ், லேத் என்றாலே கொட்டாவி வருபவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம். முதுகுவலிக்காரர்கள் மட்டும் இருந்து படியுங்கள். இதில் உங்களுக்கும் விஷயம் இருக்கிறது.

ஒரு லாரியின் எடையைத் தாங்குவது எது? வகுப்பில் இதைக் கேட்டால் "ஷாக் அப்சார்பர் சார்" என்று பல கைகள் உயரும். இல்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். லாரியில் அது அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய பட்டை. ஷாக்கப்சரை நான்கு பக்கமும் கழற்றி வைத்துவிட்டாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு மேட்டில் ஏறி இறங்கிய வண்டி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கப்சரின் வேலை. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வும். ஆட்டத்தின் சக்தி எண்ணெயில் சூடாக மாறிக் காற்றோடு போகிறது. வங்கிகளில் கண்ணாடிக் கதவு அடித்துக்கொள்ளாமல் மெதுவாக வந்து மூடுகிறதே, அதற்குள் இருப்பதும் இந்த ஏற்பாடுதான். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'தடையுறு அலைவுகள்' என்று படித்தது சிலருக்கு ஞாபகம் வரலாம்.

நம் ஊர் மகா ரதத்துக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக்கப்சரும் கிடையாது. அதற்குத் தேவை முட்டுக்கட்டை மட்டும்தான். ஏனென்றால் அது மனிதர் நடக்கும் வேகத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ஒரே கல்லில் தேர்ச் சக்கரம் ஏறினால் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அதே கல்லில் 40 கிலோமீட்டர் வேகத்தில் லாரிச் சக்கரம் ஏறினால் உள்ளே இருப்பவர் தலை கூரையில் இடிக்கும். பள்ளம் மட்டுமே பிரச்சினை இல்லை, பள்ளத்தை நாம் எவ்வளவு வேகமாகக் கடக்கிறோம் என்பதும் சேர்ந்துதான் பிரச்சினை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

மார்கழி, தை மாதங்களில் செங்கம் ரோடு பக்கமும் அடி அண்ணாமலை பக்கமும் நடப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பாவிலிருந்து தரை வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்த லாரி வீடுகள் மரத்தடியில் நிற்கும். சமையல், படுக்கை, குளியல் எல்லாம் உள்ளேயே. அப்படி ஒன்று வந்தது. ஜெர்மன் தம்பதி, இருவருமே எழுபதை நெருங்குபவர்கள். வண்டி பழைய மெர்சிடஸ் 911, உருண்டை மூக்கு வைத்தது. நான்கு சக்கரமும் இழுக்கும். ஒரு காலத்தில் தீயணைப்பு வண்டியாக இருந்ததாம்.

அந்த மூக்கைப் பார்த்ததும் எனக்கு என் சின்ன வயது லாரிகள் ஞாபகம் வந்தன. 1954-ல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து, 15 வருடம் அந்த நட்சத்திர முத்திரையோடே நம் நாட்டில் லாரி செய்தது. எண்களைக்கூட அவர்கள் முறையிலேயே வைத்தார்கள். முதலில் வருவது வண்டியின் மொத்த எடை டன்னில், கடைசி இரண்டு எண் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு, எல்லாம் தோராயக் கணக்கு. 911 என்றால் 9 டன், 110 குதிரை. நம் 407-ஐயும் இப்படிப் படித்துப் பாருங்கள்.

வண்டியைப் பார்த்தது என் பழைய மாணவர். பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். படிக்கும்போது கணக்கில் முப்பது மார்க் தாண்டாதவர். இரும்பைத் தொட்டால் அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். போன் பண்ணினார்.

"சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. வெள்ளைக்காரர் ஒருத்தர் ஷாக்கப்சர் கேக்கறார். அவர் பேசற இங்கிலீஷ் எனக்குப் புரியல, நான் பேசறது அவருக்குப் புரியல."

"ஷாக்கப்சர் போயிருக்கா?"

"பின்னாடி இடது பக்கம் எண்ணெய் வழிஞ்சு மண்ணு அப்பிக்கிட்டு நிக்குது. தொட்டுப் பாத்தேன். மத்த மூணும் சுடுது, அது மட்டும் ஜில்லுன்னு இருக்கு."

இது அருமையான சோதனை. காருக்குச் செய்வதுபோல லாரியின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டு ஆடுகிறதா என்று பார்க்க முடியாது. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொன்றிடமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் வேலை செய்திருக்கிறது. குளிர்ந்திருப்பது செத்துவிட்டது. உள்ளங்கையால் பிடித்துவிடாதீர்கள், சில சமயம் தோல் உரிந்துவிடும்.

போனபோது கணவர் பட்டறை வாசலில் ஒரு காகிதக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். விளம்பரங்களிலிருந்து அச்சிட்டு வைத்தவை. வெளியே தனி டப்பா, அதில் வாயு, மேலே திருகு வைத்த, பாலைவனப் பந்தயத்துக்குப் போகும் வகை. இருப்பதிலேயே கடினமானது வேண்டும் என்றார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: முதுகுத் தண்டில் ஏற்கெனவே ஒரு அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது. இந்த ஊர் வந்து சேர்வதற்குள் வலி இடது காலில் இறங்கிவிட்டது. வண்டி சரியாகாவிட்டால் சென்னைக்குப் போய் விமானம் ஏறுவதாக முடிவு. கணவர் தனியாக ஓட்டிக்கொண்டு வரட்டும். இருபது வருடம் சேர்ந்து போட்ட திட்டம், இமாச்சலில் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு வரை போவது. "அவருக்கு இன்னும் சொல்லவில்லை" என்றார்.

எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஷாக்கப்சர் வாங்கும் விஷயம் மட்டும் இல்லை என்று.

எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. பழையதைப் பிரித்து எண்ணெய் மாற்றிப் பற்றவைப்பது, நம் ஊர்களில் இதைச் செய்து தருபவர்கள் உண்டு. அதை என் மாணவரே தலையாட்டி மறுத்துவிட்டார். வால்வுத் தகடு தேய்ந்திருந்தால் புது எண்ணெய் ஊற்றி என்ன பயன், பத்து நாளில் திரும்ப வழியும். இரண்டாவது, நம் பஸ்களுக்குப் போடும் ஷாக்கப்சர். இந்தியாவில் நல்ல சரக்கே கிடைக்கிறது, 1961-ல் தொடங்கிய கேப்ரியல் கம்பெனி இங்கேயே செய்கிறது. மூன்றாவது, ஜெர்மனியிலிருந்து அந்த வண்டிக்கே உரிய பழைய மாதிரியை வரவழைப்பது. நான்காவது, அந்த விளம்பரக் காகிதம்.

நான் சொன்னது ஒன்றுதான். முதலில் எடை போடுவோம்.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு அரிசி ஆலையின் எடை மேடைக்குப் போனோம். தண்ணீர், டீசல், சமையல் வாயு, அவர்கள் இருவர், எல்லாம் நிறைந்த நிலையில். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் 2,960 கிலோ. பின் சக்கரங்கள் மட்டும் 4,880. மொத்தம் 7,840. எடை மேடைக்காரர் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தார். வண்டியை ஓரமாக நகர்த்தி, பின்பக்கம் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகப் போடச் சொன்னேன். இடது 2,610, வலது 2,270. பேட்டரிகள், டீசல் தொட்டி, கருவிப் பெட்டி எல்லாமே இடது பக்கம். செத்துப்போன ஷாக்கப்சரும் இடது பக்கம். அந்த அம்மாவின் இருக்கை எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, கணவரே கேட்டுக்கொண்டார். ஜெர்மன் வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம், அவர் உட்காருவது வலது. ஆனால் தூங்குவது பின்னால் இடது பக்கம். கணவர் ஓட்டும் நேரத்தில் வலி தாங்காமல் அங்கேதான் போய்ப் படுத்துக்கொள்வாராம், சரியாக அந்தச் சக்கரத்துக்கு மேலே.

கூண்டுக்குள் திறந்து பார்த்தால் வருடக்கணக்காகத் தொடாத பெட்டிகள். ஒரு சைக்கிள், 60 கிலோவுக்குப் புத்தகம், இரண்டு பழைய ஸ்டீல் கட்டில் சட்டம். சும்மா இறக்கியதே 310 கிலோ. பேட்டரிகளை வலது பக்கம் மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை. கேம்பர் கட்டுபவர்களுக்கு நான் சொல்வது: சாமான் வாங்குவதற்கு முன்னால் சீட்டு வாங்குங்கள், எடை மேடைச் சீட்டு.

அடுத்தது பட்டையின் கடினம். தீயணைப்பு வண்டிப் பட்டை, அதனால் ரொம்ப விறைப்பாக இருக்கும், இரண்டு பட்டையை உருவிவிட்டால் மெத்தை மாதிரி போகும் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். அளக்காமல் உருவக் கூடாது என்றேன். அளப்பதற்கு ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம். அவர்கள் வண்டியில் பின் அச்சுக்கு நேர் மேலே குறுக்காக 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அதைக் காலி செய்துவிட்டு அச்சுக்கும் சேஸிக்கும் நடுவே இடைவெளியை ஸ்டீல் ஸ்கேலால் அளந்தோம். மோட்டார் போட்டு நிரப்பிவிட்டு மறுபடி அளந்தோம். 300 லிட்டர் என்றால் 300 கிலோ. இரு பக்கமும் 10 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் பட்டறைப் பையன்கள் நாலு பேரைப் பின்னால் ஏறிக் குதித்து இறங்கச் சொன்னேன். பட்டைகள் ஒன்றோடு ஒன்று உரசிப் பிடித்துக்கொள்ளும், உலுக்கிவிட்டால்தான் உண்மையான அளவு கிடைக்கும். பையன்களுக்கு அது ஒரே குஷி.

300 கிலோவுக்கு 10 மி.மீ. என்றால் ஒரு பக்கப் பட்டையின் மாறிலி மீட்டருக்குச் சுமார் 1,47,000 நியூட்டன். அச்சும் சக்கரமும் போக ஒரு பக்கப் பட்டை சுமப்பது ஏறத்தாழ 2,000 கிலோ. மாறிலியை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து இரண்டு பையால் வகுத்தால், வினாடிக்கு 1.4 அலைவு. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தில் மிகவும் அவதிப்படுவது வினாடிக்கு 4 முதல் 8 வரை. 1.4 என்பது அந்தப் பக்கமே போகவில்லை. பட்டையில் குற்றம் இல்லை. உருவியிருந்தால் வண்டி தாழ்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் கட்டையில் போய் இடித்திருக்கும்.

இந்தப் பட்டைக்கும் இந்த எடைக்கும் எவ்வளவு தணிப்பு தேவை என்பதும் இதே இரண்டு எண்ணிலிருந்து வரும். மாறிலியையும் நிறையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் கிடைப்பது, ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நிற்பதற்கான அளவு. அதை முழுசாகப் போட்டால் வண்டி கட்டைவண்டி மாதிரி ஆகிவிடும். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. காகிதத்தில் போட்டுக் காட்டினேன். "பஸ்ஸுக்கு எவ்ளோ சார் வரும்?" என்றார் மாணவர். பஸ்ஸின் பின் அச்சு பத்து டன்னை ஒட்டி வரும். எடை இரண்டு மடங்கு, பட்டையும் இரண்டு மடங்கு விறைப்பு என்றால் தணிப்பும் இரண்டு மடங்கு. "அப்போ பஸ் ஷாக்கப்சர் இதுக்கு ஓவர் டோஸ்" என்றார். கணக்கில் முப்பது மார்க்!

ஆனாலும் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள், இடுப்பை நம்புவார்கள். நீளம் அளந்தோம். ஜாக்கியில் சேஸியைத் தூக்கிச் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஷாக்கப்சரின் இரு காதுகளுக்கு நடுவே 640 மி.மீ., பட்டை அமுங்கி ரப்பர் கட்டையில் முட்டும்போது 430. எனவே சுருங்கினால் 430-க்குக் குறைவாகவும் நீண்டால் 640-க்கு அதிகமாகவும் போகிற ஷாக்கப்சர்தான் வேண்டும். இதைப் பலர் பார்ப்பதில்லை. நீளம் அதிகமானதை மாட்டினால் ரப்பர் கட்டை முட்டுவதற்கு முன் ஷாக்கப்சர் அடிவரை முட்டிக்கொண்டு உடையும், அல்லது அதைப் பிடித்திருக்கும் இரும்பைப் பிய்த்துவிடும். கிடைத்த பஸ் ஷாக்கப்சரில் ஒன்று நீளத்தில் பொருந்தியது, காதின் துளைதான் பெரிது. லேத்தில் ஸ்லீவ் கடைந்து சரிசெய்தார். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றினார். ஒரு பக்கம் புதிது, ஒரு பக்கம் பழையது என்று போடவே கூடாது.

ஒரு சனிக்கிழமை போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினோம். மாணவர்களை காவலூர் வானாய்வகத்துக்கு நான் அழைத்துப் போன பாதை. ஜமுனாமரத்தூர் தாண்டி உள்கிராமத்துக்குப் பிரியும் மண் ரோட்டில் விட்டோம். மழை அறுத்து வரிவரியாகக் கிடக்கும் ரோடு. கணவர் ஓட்ட, மாணவர் பக்கத்தில், நானும் அந்த அம்மாவும் பின்னால்.

முதல் மேட்டில் வண்டி அழகாக அடங்கியது. கணவர் திரும்பிப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா முகம் மாறவில்லை. கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "ஒரு மேடு என்றால் நன்றாக இருக்கிறது. தொடர்ந்து வந்தால் ஐந்தாவது மேடு குத்துகிறது."

இதைவிடத் துல்லியமாக எந்தக் கருவியும் சொல்லாது. ஷாக்கப்சருக்கு இரண்டு திசை உண்டு. அமுங்குவது ஒன்று, நீள்வது ஒன்று. நீள்வதற்கு இருக்கும் தடை அளவுக்கு மேல் போனால், அமுங்கிய பட்டை அடுத்த மேடு வருவதற்குள் விரிந்து முடிக்காது. அரைகுறையாக அமுங்கிய நிலையிலேயே இரண்டாவது மேட்டைச் சந்திக்கும், அதற்கும் கீழே இருந்து மூன்றாவதை. நாலைந்து மேட்டுக்குள் பட்டை தீர்ந்துபோய் ரப்பர் கட்டைதான் மிச்சம். வண்டி இடிக்கும். ஓட்டுபவர் "பட்டை மெதுவாக இருக்கிறது, இன்னும் விறைப்பான ஷாக்கப்சர் போடு" என்பார். நோய் எதுவோ அதையே மருந்தாகக் கேட்பது இது. கணவரின் விளம்பரக் காகிதத்தில் இருந்ததும் இதுதான்.

நிறுத்தி, மரத்தடியில் உட்கார்ந்து அவருக்குப் படம் போட்டு விளக்கினேன். அவர் பொறியாளராக இருந்தவர், இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மனைவியிடம் ஜெர்மனில் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். விமானம் பற்றி அப்போதுதான் சொன்னாராம், பின்னால் தெரிந்தது.

கடைசியில் தேர்ந்தெடுத்தது, அவர்கள் ஊரிலிருந்து வரவழைத்த நெதர்லாந்து கம்பெனி கோனியின் கனரக வகை. அதைக் கழற்றி, முழுக்க அமுக்கி, திருகினால் நீள்வதற்கான தடையை மட்டும் கூட்டலாம். தேய்ந்தாலும் அப்படியே ஈடுகட்டலாம். இரட்டைக் குழாய் வகைதான். ஒற்றைக் குழாயில் உயர் அழுத்த வாயு வைத்தது வேண்டாமா என்று கேட்டார். அதுவும் அருமையான சாமான், பிரெஞ்சுக்காரர் தெ கார்போன் கண்டுபிடித்து, பில்ஸ்டைன் கம்பெனி 1957-ல் மெர்சிடஸ் காருக்குக் கொண்டுவந்தது. எண்ணெயும் வாயுவும் தனித்தனியாக இருப்பதால் நுரைக்காது, சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் பிஸ்டன் ஓடுவது வெளிக்குழாயிலேயே. ஒரு கல் பட்டு நசுங்கினால் அதோடு சரி. இரட்டைக் குழாயில் வெளிச்சுவர் நசுங்கினாலும் உள்ளே வேலை நடக்கும். ஸ்பிட்டி ரோட்டில் கல்லுக்குப் பஞ்சமில்லை, உதிரி சாமான் கடைக்குத்தான் பஞ்சம். அவர் ஓட்டும் வேகத்தில் எண்ணெய் நுரைக்கும் அளவுக்குச் சூடேறப் போவதுமில்லை.

வந்து சேர மூன்று வாரம் ஆனது. முதலில் திருகாமலே மாட்டினோம். அதே ரோடு. அந்த அம்மா பின்னால் இடது பக்கம் படுத்துக்கொண்டார். இப்போது மேடு தாண்டி இரண்டு முறை ஆடியது, குத்தவில்லை. கழற்றி அரைத் திருகு. ஒன்றரை ஆட்டத்தில் அடங்கியது. இன்னொரு அரைத் திருகு வைக்கலாமா என்று கணவர் கேட்டார். "வேண்டாம்" என்று கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அத்தோடு நிறுத்தினோம். டயர் காற்றை மண் ரோட்டில் கொஞ்சம் குறைத்ததும் மிச்சம் இருந்த சின்ன அதிர்வும் போனது. முதல் ஸ்பிரிங் டயர்தான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் ஊரிலும் இப்போது பிக்அப், வேன்களில் வீடு கட்டும் ஆசை பரவியிருக்கிறது. அவர்களுக்கு ஒரு வார்த்தை: ஷாக்கப்சர் மாற்றுவது வேறு, வண்டியின் அமைப்பையே மாற்றுவது வேறு. இரண்டாவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். ஆர்.சி.யில் அச்சிட்டிருக்கும் மொத்த எடையைத் தாண்டிவிட்டு எந்த ஷாக்கப்சர் போட்டாலும் பிரயோஜனமில்லை, பிரேக்கும் அச்சும் அந்த எடைக்குச் செய்ததில்லை.

அந்தப் பஸ் ஷாக்கப்சர் இரண்டும் வீணாகவில்லை, ஸ்லீவைத் தட்டி எடுத்துவிட்டு ஒரு பஸ்ஸுக்கே மாட்டிவிட்டார் மாணவர். லாரி வீடு மாசியில் கிளம்பியது, இருவருமாக. ஏப்ரல் கடைசியில் கின்னௌர் வழியில் எங்கிருந்தோ அந்த அம்மா எனக்கு ஒரு படம் அனுப்பினார். பனி மலை இருக்கும் என்று திறந்தால், பின் சக்கரத்துக்கு மேல் ஷாக்கப்சர், முழுக்கப் புழுதி, பக்கத்தில் அவருடைய புறங்கை. கீழே ஒரே வரி: "நான்கும் சுடுகிறது, சார்."